சென்ட்ரி நிற்காதீர்கள்: உயிர் தப்பி வந்த முன்னாள் படைவீரரின் வீட்டாருக்கு

மருத்துவமனையிலிருந்து இவரை அழைத்து வந்த அன்று எங்கள் திண்ணையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன், அதனால் தெரியும். ஆட்டோ நின்றதும் பதினோரு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். இவர் என் கையை விட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தொடங்கினார். மாடு ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தது.

என் கணவர் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் 24 வருடம் இருந்து 2020இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு வயது 43. எங்களுக்கு வேலூர்ப் பக்கம். ராணுவப்பேட்டை என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை அதிகத் தூரமில்லை. எங்கள் ஊரிலும் தெருவுக்கு நான்கு பேர் பட்டாளத்துக்காரர்கள். 2022 ஆடி மாதத்தில் ஒரு நாள் இவர் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். எப்படி என்று எழுதமாட்டேன்; அதைத் தெரிந்துகொண்டு எவருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பிழைத்துக்கொண்டார். இப்போது நன்றாக இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, “பெயர் போடாதே. மாட்டைப் பற்றி வேண்டுமானால் எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், நான் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டது உங்களுக்கு உதவலாம். மருத்துவம் மருத்துவர் சொல்வதுதான். நான் சொல்வது வீட்டுக்குள் நடக்க வேண்டியதை.

திண்ணையில் இருப்பவர்கள்

முதல் நாள் என் காதில் விழுந்தவை மூன்று. “பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், உனக்கு என்னப்பா குறை?” “பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு நிமிடம் நினைத்தாயா?” மூன்றாவதுதான் மோசம்: “பட்டாளத்தில் இருந்தவன் செய்கிற காரியமா இது?”

சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது கேள்வியை இவர் தன்னிடமே ஆயிரம் தடவை கேட்டிருந்தார். 19 வயதில் சேர்ந்ததிலிருந்து ‘தாங்குகிறவன்தான் ஆண்பிள்ளை’ என்று பழக்கப்பட்ட மனிதர். அவமானம்தான் அவருக்கு நோயைவிடப் பெரிய பாரம். அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றாதீர்கள்.

ஆகவே, வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் என் அண்ணன். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “உடம்பு சரியில்லாமல் இருந்தார், தேறி வருகிறார், ஒரு மாதம் கழித்து வாருங்கள்.” பொய்யில்லை, விளக்கமும் இல்லை. நான் இதை நான்காம் நாள்தான் யோசித்தேன். நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்.

யார் வரலாம்? எதையும் கேட்காதவர்கள் வரலாம். என் மாமனார் அன்று சொன்னது “வந்துவிட்டாயா, சாப்பிடு” என்ற இரண்டே சொற்கள். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற நாயக் ஒருவர் மறுநாள் வந்து, “அண்ணே, என் பம்பு செட்டு மோட்டார் தகராறு செய்கிறது, கொஞ்சம் பாருங்கள்” என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் இருவரும் மோட்டாரைக் கழற்றிப் பூட்டினார்கள். அந்த மோட்டாரில் கோளாறே இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். எங்கள் மகளுக்கு அப்போது பத்து வயது. முந்தின நாள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டுப் பிடிவாதம் பிடித்திருந்தாள். அதனால்தான் அப்பா இப்படிச் செய்துவிட்டார் என்று ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “அப்பாவுக்கு மனத்தில் நோய் வந்தது. அது உன்னால் வரவில்லை. டாக்டர் மருந்து கொடுக்கிறார்” என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு போதும். கேட்டால் மேலும் சொல்லலாம்.

காவல் வேறு, கூட இருப்பது வேறு

நான் செய்த பெரிய தவறு இதுதான். மூன்று வாரம் நிழல்போல் பின்னாலேயே போனேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இரவில் அவர் புரண்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் பொறுமையாகத்தான் சொன்னார்: “சென்ட்ரி நிற்கிறவன் வெளியே பார்த்து நிற்பான். நீ உள்ளே பார்த்து நிற்கிறாய். நான் என்ன கைதியா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவரே சொன்னார். பட்டாளத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்களாம். ஒன்றாகச் சாப்பிடுவது, ஒன்றாகத் தூங்குவது, ஒருவன் கயிற்றை இன்னொருவன் சரிபார்ப்பது. இவர் அதை ‘ஜோடிக்காரன்’ என்பார். ஜோடிக்காரனும் உங்களைவிட்டு நகரமாட்டான். ஆனால் அவன் உங்களைச் சந்தேகப்படுவதில்லை.

இதைப் படித்துவிட்டு, சரி, தனியாக விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களும் அதைத் தொடர்ந்து வரும் மூன்று மாதங்களும்தான் மிகவும் ஆபத்தான காலம். உயிர் பிழைத்துவிட்டார், கண்டம் தாண்டிவிட்டது என்று உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும் நாள்களும் அவைதான். தனியாக விடக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் விடக்கூடாது. அதை மறைமுகமாகச் செய்யாமல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். “இரண்டு வாரம் யாராவது கூட இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். யார் இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லை?” என்று கேட்டேன். இவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, நான்கு பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்தார். ட்யூட்டி ரோஸ்டர்! அதில் என் பெயருக்கு நேராக இரவு மட்டும்தான் இருந்தது. பகலில் நான் தூங்க வேண்டும் என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

நேராகக் கேளுங்கள்

‘கேட்டால் நினைவூட்டியதாகிவிடுமோ’ என்று எல்லோரும் பயப்படுகிறோம். ஆகாது. அந்த எண்ணம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது; கேட்பதால் புதிதாக முளைப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

நான் முதலில் கேட்டது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்பதைவிட, கையில் ஒரு வேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது இருவருக்கும் சுலபம். “என்னங்க, செத்துப்போகலாம் என்று இன்றைக்குத் தோன்றியதா?” நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “விடியற்காலையில் தோன்றியது. இப்போது இல்லை” என்றார்.

அந்த நேரத்தில் அழுகை வரும். வந்தால் வரட்டும். ஆனால் கத்தாதீர்கள். ‘பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். சத்தியம் வாங்கினால் எண்ணம் போகாது. அடுத்த முறை அதை உங்களிடமிருந்து ஒளிப்பார். ‘சொன்னதற்கு நன்றி’ என்பதுபோல் ஏதாவது சொல்லிவிட்டு, ‘இப்போது என்ன செய்தால் கொஞ்சம் தேவலை?’ என்று கேளுங்கள். அன்று எங்களுக்கு அது ஒரு டம்ளர் டீ.

எண்ணம் இப்போதே இருக்கிறது, வழியும் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் டீ போதாது. பக்கத்தைவிட்டு நகராமல் 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

கறுப்பு டிரங்குப் பெட்டி

பட்டாளத்து வீடு எல்லாவற்றிலும் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும். நம்பர், ரேங்க், பெயர் என்று வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு வேலை வந்தது. வீட்டிலிருந்த மாத்திரைகள் அனைத்தும், மாமியாரின் தூக்க மாத்திரை உட்பட, அதற்குள் போயின. சாவி அண்ணன் வீட்டுக்குப் போனது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வைத்தோம். இவருடைய மாத்திரையை மாதக் கணக்கில் தராமல் ஒரு வாரத்துக்கு மட்டும் தரும்படி மருத்துவரிடமே கேட்டுக்கொண்டோம்.

மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தெளிக்கும் பூச்சிமருந்து வீட்டை விட்டே போனது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பெட்டிகளில் பூட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1986இல் சென்னையில் ‘சிநேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்தது அது. அந்த ஊர்களில் தற்கொலைகள் குறைந்தன. காரணம் எளிது: அந்த வெறி பலருக்குச் சில நிமிடங்களில் எழுந்து அடங்கிவிடுகிறது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும்.

துப்பாக்கிதான் கடினம். ஓய்வுக்குப் பிறகு இவர் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர். சொந்த லைசென்ஸ், இரட்டைக் குழல். நம் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் பலருக்கும் இதே பிழைப்பு. அதைத் திருட்டுத்தனமாக எடுத்து ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன், நல்லவேளை, செய்யவில்லை. லைசென்ஸ்தாரர் அவர்; ஒளித்தால் சட்டச் சிக்கல், அதைவிட நம்பிக்கை போய்விடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது அவருக்குப் பழக்கமான காரியம். “தேர்தல் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டார். எதிர் வீட்டு நாயக்கும் அண்ணனும் கூடப் போனார்கள். ரசீதை நான் வைத்திருக்கிறேன். அந்த வேலையும் போயிற்று. சம்பளத்தில் துண்டு விழுந்தது உண்மை. ஆறு மாதம் கழித்து ஒரு பள்ளிப் பேருந்தில் ஏறினார், உதவியாளராக. பிள்ளைகள் ‘தாத்தா’ என்கிறார்கள். 45 வயதில் தாத்தாவா என்று அதில் மட்டும் கோபம்.

ராணுவக் கேண்டீனில் வாங்கும் ரம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதக் கோட்டாவை வாங்காமல் விட்டால் நஷ்டம் என்று நினைக்கிற ஊர் எங்கள் ஊர். கார்டு அவருடையது, முதல் வருடம் மளிகைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். குடி தூக்கத்தைக் கெடுக்கும், மருந்தைக் கெடுக்கும், கடைசிக் கட்டுப்பாட்டையும் தளர்த்தும். ஆனால் நெடுநாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு தாள்

ஆலோசகர் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். பட்டாளத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் பிடிபடுகிறது; நெருக்கடி வந்தால் முதலில் இது, பிறகு இது என்று வரிசை போட்டுப் பழகியவர்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளையும் அதைத் தொடர்ந்து தொலைபேசியில் விசாரிப்பதையும் சேர்த்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சிகளும் அது தொடர்பான செயல்களும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன.

எழுத வேண்டியவர் அவர், அவருடைய கையெழுத்தில், அவருடைய சொற்களில். முதலில், நிலைமை மோசமாகப்போகிறது என்பதற்கு அவருக்கே தெரிந்த அறிகுறிகள். இவர் எழுதியது: ‘காலை நான்கு மணிக்கு விழிப்பு. செருப்பை வரிசையாக அடுக்குவது. மகள் பேசினால் எரிச்சல்.’ அந்தச் செருப்பு விஷயம் எனக்குத் தெரியாது! அடுத்து, தனியாகவே செய்யக்கூடியவை: மாடு, கொல்லைக்குத் தண்ணீர், ரேடியோ. அடுத்து, பிரச்சினையைப் பேசாமலே போய் உட்காரக்கூடிய இடங்கள்: பம்பு செட்டு, சலூன். அடுத்து, வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள். அதற்கடுத்து மருத்துவர், தொலைபேசி எண்கள். கடைசியில், கைக்கெட்டாமல் வைக்க வேண்டியவை. எங்களுடையது பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதன் புகைப்படம் நான்கு பேர் கைப்பேசியில் இருக்கிறது.

விடியற்காலை ஏன் மோசம் என்று ஒருநாள் சொன்னார். எல்லையில் விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் ‘ஸ்டாண்ட்-டு’; எல்லோரும் ஆயுதத்தோடு நிலையில் நிற்க வேண்டும். உடம்பு இன்னும் நான்கு மணிக்கு எழுந்து நிற்கிறது. நிற்பதற்கு இடம்தான் இல்லை. அதற்குத்தான் மாடு. பால் கறக்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டேன்.

கடிதமும் போனும்

தருமபுரியில் இவருடைய பழைய நண்பர் ஒருவர், ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தினமும் காலை ஐந்தேகாலுக்குப் போன் செய்வார். “ஸப் டீக்?” (எல்லாம் நலமா?) “ஸப் டீக்.” வைத்துவிடுவார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. நாள் சரியில்லை என்றால் இவர் “மோட்டார் ஓடவில்லை” என்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அன்று மாலைக்குள் நண்பர் பஸ் ஏறி வந்துவிடுவார், அல்லது என்னிடம் பேசுவார். ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று வாயைத் திறந்து சொல்ல முடியாத மனிதர்களுக்கு இப்படி ஒரு சங்கேதம் பெரிய உபகாரம். முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் படையில் இருந்தவர். போர்முனைக்கு வந்த கடிதங்கள் ஒரு மனிதனுக்கு என்னவாக இருக்கும் என்று அறிந்தவர். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து மேல்சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வருடம் அவ்வப்போது சிறு கடிதம் அனுப்பினார். நலமா, உங்களை நினைத்துக்கொண்டோம் என்கிற அளவுக்கு இரண்டு வரி. பதில் கேட்காது, அறிவுரை சொல்லாது. முதல் இரண்டு வருடங்களில் கடிதம் போன பாதியில் தற்கொலைகள் குறைவாக இருந்தன. ஆலோசகர் இதைச் சொன்னபோது எனக்கு வியப்பில்லை. ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் விலாசம் போட்டு எத்தனை இன்லேண்ட் கடிதம் எழுதியிருப்பேன்! உறவுக்காரர்கள் தொலைவில் இருந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவது கணக்கில் சேராது; பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அலுவலக விவகாரங்கள்

போலீஸ் வரும்; மருத்துவமனையிலிருந்து தகவல் போகும், வந்து எழுதிக்கொண்டு போவார்கள். பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவின்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. நாங்கள் போன ஒரு மருத்துவமனையில் நர்ஸ் ஒருவர் “இவருக்குப் படுக்கை கொடுத்து என்ன பயன்” என்று இவர் காதுபடச் சொன்னார். அப்படி யாராவது பேசினால் வாய் மூடி இருக்காதீர்கள். நான் இருந்தேன், இன்னும் உறுத்துகிறது.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் மனநல சிகிச்சைக்கும் பாலிகிளினிக்கிலிருந்தே பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அவசரத்துக்கு வேறு மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள். மனநல மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று அவராகவே நிறுத்தக் கூடாது.

எண்கள்: 14416, ‘டெலி மானஸ்’, மத்திய அரசின் இலவச எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று 2023 டிசம்பரில் இதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார்கள். தமிழக அரசின் 104. சென்னை சிநேகா 044-24640050. வீட்டாரும் பேசலாம். நான் பேசினேன், இரவு இரண்டு மணிக்கு, கொல்லையில் நின்றுகொண்டு. மறுமுனையில் இருந்த பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் சாப்பிட்டீர்களா அம்மா?” அதுவரை யாரும் கேட்கவில்லை.

தேதிகள்

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படை எல்லைக்குப் போனது. ஆபரேஷன் பராக்கிரம். வயல்களில் கண்ணிவெடி புதைத்தது சேப்பர்கள். போர் வராமல் படை திரும்பியபோது அவற்றைத் தேடி எடுத்ததும் சேப்பர்கள்தான். 2003 பிப்ரவரியில், கடுகு பூத்திருந்த ஒரு வயலில், இவருடைய ஜோடிக்காரர் போய்விட்டார். அன்று காலை இடம் மாறி நின்றிருந்தால் தான்தான் என்று இருபது வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். என்னிடமும் சொல்லவில்லை, ஆலோசகரிடம்தான் முதலில் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போது இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தேதி இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அல்லது மாதத்தையாவது கவனித்து வையுங்கள். அந்த நாளைக் காலியாக விடாதீர்கள். மகள் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள். வரும் பிப்ரவரியில் காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூரு போகிறோம். அல்சூர் ஏரிப் பக்கம் இவருடைய சென்டர். தருமபுரி நண்பரும் நேராக அங்கே வந்துவிடுகிறார். மாட்டை எதிர் வீட்டு நாயக் பார்த்துக்கொள்வார். டிக்கெட் எடுத்தாயிற்று.